புதியது எல்லாம் பொருந்துமா?
சர்வருக்கு ஏற்ற லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் ஊர் தாமல். இந்தப் பகுதி மாணவர்களுக்குத் தறியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் காஞ்சிபுரம் வந்தால் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒரு பாவு நெய்து முடியும் தறுவாயில் நெசவாளர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.

அவர் பழைய பாவை முழுவதும் அறுத்து எடுத்துவிடுவதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்திருக்கும் பழைய இழைகளின் நுனிகளை அப்படியே விட்டுவைக்கிறார். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அந்த நுனிகளோடு முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகளை விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் மறுபடி கோக்கும் வேலை இதனால் மிச்சமாகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. புதுப் பாவின் இழை எண்ணிக்கையும் வரிசையும் பழையதோடு பொருந்த வேண்டும். புதுப் பட்டு எவ்வளவு உயர்ந்ததாயினும், கணக்குப் பொருந்தாவிட்டால் தறி ஓடாது.

கணிப்பொறியிலும் இதே சிக்கல் உண்டு. அதற்குப் பதிப்புப் பொருத்தம் என்று பெயர். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தேர்வு வாரத்தில் ஒரு வெள்ளைத் திரை

முதலில் நானே செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறையில் செய்முறைத் தேர்வு மதிப்பெண்களைப் பதிவு செய்ய ஒரு நிரல் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தது. உபுண்டு லினக்ஸின் 14.04 பதிப்பு நிறுவப்பட்ட ஒரு பழைய கணிப்பொறியில் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடிக் கொண்டிருந்தது. 2023 மார்ச்சில் அந்தக் கணிப்பொறியின் வட்டு பழுதாகிவிட்டது. மதிப்பெண்களுக்கு வேறொரு வட்டில் நகல் இருந்ததால் நான் கவலைப்படவில்லை. புதிய கணிப்பொறி ஒன்றில், "நிறுவுவதுதான் நிறுவுகிறோம், புதியதையே நிறுவுவோம்" என்று உபுண்டு 22.04 பதிப்பை நிறுவினேன். நிரலை அதில் ஏற்றித் திறந்தேன்.

திரையில் ஒன்றும் வரவில்லை. வெறும் வெள்ளை! மறுநாள் காலை செய்முறைத் தேர்வு.

காரணம் என்ன? 14.04 பதிப்போடு வந்தது பி.எச்.பி. 5.5. அதில், தரவுத்தளத்தோடு பேசுவதற்கு ஒரு பழைய கட்டளைக் குழு இருந்தது. எங்கள் நிரல் முழுவதும் அந்தக் கட்டளைகளையே நம்பி எழுதப்பட்டிருந்தது. 2015 டிசம்பரில் வெளியான பி.எச்.பி. 7.0 பதிப்பில் அந்தக் கட்டளைக் குழுவை அடியோடு நீக்கிவிட்டார்கள். நான் நிறுவிய 22.04 பதிப்போடு வந்ததோ பி.எச்.பி. 8.1. இல்லாத கட்டளையைக் கூப்பிட்ட நிரல் அங்கேயே நின்றுவிட்டது. "இந்தக் கட்டளைகள் நீக்கப்பட இருக்கின்றன" என்ற எச்சரிக்கை 2013-லேயே, 5.5 பதிப்பு வந்தபோதே, கையேட்டில் இடம் பெற்றுவிட்டது. படிக்காதது என் குற்றம்.

அந்தத் தேர்வுக்கு மதிப்பெண்களைக் காகிதத்தில் எழுதினோம். நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைக் கையால் கூட்டி, இருவர் தனித்தனியே சரிபார்த்தோம். பிறகு நிரலைப் புதிய கட்டளைகளுக்கு மாற்றி எழுத எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

"பழையதையே வைத்திருந்தால் தொல்லை இல்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் சரியன்று. 14.04 பதிப்புக்கான பொது ஆதரவு 2019 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காமலேயே நாங்கள் அந்த இயந்திரத்தை ஓட்டி வந்திருக்கிறோம். ஆக, புதியதும் ஆபத்து, பழையதும் ஆபத்து. அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

சர்வர் என்பது யார்?

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி பரிமாறுபவர் நினைவுக்கு வருகிறாரா? தவறில்லை. கணிப்பொறிச் சர்வரும் பரிமாறும் வேலையைத்தான் செய்கிறது. மற்றக் கணிப்பொறிகள் கேட்கும் தகவலை எடுத்துக் கொடுக்கிறது. பெரும்பாலும் இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது. வீட்டுக் கணிப்பொறியில் ஒரு நிரல் ஓடாவிட்டால் ஒருவருக்குத் தொல்லை. சர்வரில் ஓடாவிட்டால் அதை நம்பியிருக்கும் அனைவருக்கும் தொல்லை.

உலகின் சர்வர்களில் மிகப் பலவற்றை இயக்குவது லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் இதைத் தொடங்கினார். ஆனால் அவர் எழுதியது கெர்னல் எனப்படும் உட்கரு மட்டுமே. அதனோடு கோப்புகளைக் கையாளும் கருவிகள், நிரல்மொழிகள், தரவுத்தளங்கள் என்று ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் சேர்ந்தால்தான் பயன்படுத்தத் தக்க அமைப்பு உருவாகும். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளாகப் பொறுக்கி, சோதித்து, ஒரே கட்டாகத் தருவதையே லினக்ஸ் தொகுப்பு என்கிறோம். 1993-இல் தொடங்கிய டெபியன் இவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. உபுண்டு டெபியனிலிருந்து பிறந்தது. நம் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனின் வழி வந்ததே.

இங்கு ஒன்றை மனத்தில் வையுங்கள். தொகுப்பாளர் நமக்குத் தருவது வெறும் மென்பொருள் மட்டுமன்று. "இந்தப் பதிப்பும் அந்தப் பதிப்பும் சேர்ந்து ஓடும், இத்தனை ஆண்டுக் காலம் நான் இதை மாற்ற மாட்டேன்" என்னும் வாக்குறுதியையும் தருகிறார். தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் வாக்குறுதியைத் தேர்ந்தெடுப்பதாகும்.

எண் சொல்லும் சேதி

மென்பொருளின் பதிப்பு எண் பெரும்பாலும் மூன்று பகுதிகளாக இருக்கும். 3.11.2 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசி எண் மாறினால் பிழை திருத்தம் மட்டும் நடந்திருக்கிறது என்று பொருள். நடு எண் மாறினால் புதிய வசதிகள் சேர்ந்துள்ளன. முதல் எண் மாறினால் எச்சரிக்கை! பழைய நிரல்கள் ஓடாமல் போகலாம். இது பலரும் பின்பற்றும் மரபே தவிர, மீற முடியாத விதியன்று. நடு எண் மாறும்போதே சில பழைய வசதிகளை நீக்கிவிடும் மென்பொருள்களும் உண்டு.

ஒவ்வொரு தொகுப்பும் தனக்கென்று சில பதிப்புகளைத் தேர்ந்து நிறுத்திக் கொள்கிறது. டெபியனின் மூன்று பதிப்புகளைப் பாருங்கள்:

டெபியன் 11 (2021): பைத்தான் 3.9, பி.எச்.பி. 7.4
டெபியன் 12 (2023): பைத்தான் 3.11, பி.எச்.பி. 8.2
டெபியன் 13 (2025): பைத்தான் 3.13, பி.எச்.பி. 8.4

உங்கள் நிரலுக்குப் பி.எச்.பி. 7.4 தான் வேண்டும் என்றால், டெபியன் 13 எவ்வளவு புதியதாக இருந்தும் பயனில்லை. பாவுக்கும் அச்சுக்கும் உள்ள கணக்கு இதுதான்.

நிற்கும் பிழை, நிற்காத பிழை

என் வெள்ளைத் திரை ஒரு வகையில் நல்ல பிழை. நிரல் நின்றுவிட்டதால் தவறு நடந்தது உடனே தெரிந்தது. நிற்காமல் ஓடி, தவறான விடையைத் தரும் பிழை இதைவிடக் கொடியது.

பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிப்பவர்களுக்குப் பைத்தான் மொழி தெரிந்திருக்கும். 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பைத்தான் 3 தரும் விடை 3.5. அதே வரியைப் பைத்தான் 2-இல் கொடுத்தால் விடை 3! அங்கே முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈவு மட்டுமே கிடைக்கும், மீதி போய்விடும். ஊசலின் அலைவு நேரத்தைக் காண 3 வினாடி, 4 வினாடி என்று இரண்டு அளவீடுகளை முழு எண்களாகப் பதிந்து சராசரி கண்டால், ஒன்றில் 3.5 வரும், மற்றதில் 3 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டு கணிப்பொறிகளும் தம் விடையே சரி என்று சாதிக்கும்.

பைத்தான் 3 வெளியானது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் நாள் முடிவடைந்தது. இரண்டுக்கும் இடையே பதினொரு ஆண்டுகள். அவ்வளவு காலம் கொடுத்தும் மாறாமல் இருந்த நிரல்கள் ஏராளம்.

நிற்கும் நீரும் ஓடும் நீரும்

தொகுப்புகளை அவற்றின் வாக்குறுதியைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை ஏரி நீர் போன்றது. ஒரே மட்டத்தில் நிற்கும். டெபியனில் சுமார் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வருகிறது; ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டு முழு ஆதரவும் மேலும் 2 ஆண்டு நீட்டிப்பும் உண்டு. உபுண்டுவின் நீடித்த ஆதரவுப் பதிப்பு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. அதன் பொது ஆதரவு 5 ஆண்டுகள். ரெட் ஹாட் நிறுவனத்தின் கட்டண லினக்ஸுக்கு 10 ஆண்டுகள். அதனோடு பொருந்துமாறு இலவசமாகத் தரப்படும் ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் அதே 10 ஆண்டுகளை வாக்களிக்கின்றன.

இரண்டாம் வகை விரைந்து மாறுவது. ஃபெடோரா ஏறத்தாழ 6 மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகிறது; ஒரு பதிப்பின் ஆயுள் சுமார் 13 மாதங்கள்.

மூன்றாம் வகை ஆற்று நீர். ஆர்ச் லினக்ஸ் போன்றவற்றில் பதிப்பு என்ற நிறுத்தமே கிடையாது. மென்பொருள்கள் எப்போதும் மாறிக் கொண்டேயிருக்கும். கற்றுக் கொள்பவருக்கு இது நல்லது. மதிப்பெண் பட்டியலை நம்பி ஒப்படைக்க ஏற்றதன்று.

ஏரி நீர் தேங்கினால் கெட்டுப் போகாதா? நல்ல கேள்வி! இங்குதான் தொகுப்பாளரின் திறமை இருக்கிறது. புதிய பதிப்பில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால், அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் வைத்துத் தைக்கிறார்கள். மற்றவை மாறுவதில்லை. புடவையில் விழுந்த சிறு கிழிசலை அதே நிறப் பட்டு இழை கொண்டு இழையோட்டுவது போன்றது இது. ஆகவே பதிப்பு எண் பழையதாகத் தெரிவதை மட்டும் கண்டு "இது பாதுகாப்பற்றது" என்று முடிவு கட்டக் கூடாது. ஆதரவுக் காலம் முடிந்துவிட்டதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஜெனீவாவிலிருந்து மும்பை வரை

இந்த வாக்குறுதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இயற்பியலிலேயே ஒரு சான்று இருக்கிறது.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான்களை மோதவிட்டு ஆராய்கிறார்கள். 2012 ஜூலை 4-இல் ஹிக்ஸ் துகள் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது அங்கேதான். மோதல்களிலிருந்து கொட்டும் தரவை ஒரே இடத்தில் வைத்துக் கணக்கிட இயலாது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணிப்பு மையங்கள் இந்த வேலையைப் பங்கிட்டுக் கொள்கின்றன. இந்தியாவில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், கொல்கத்தாவின் மாறுஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் இவற்றுள் அடங்கும்.

ஓரிடத்தில் உருவாக்கிய நிரல் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அப்படியே ஓட வேண்டும். ஓடினால் மட்டும் போதாது. விடையும் ஒன்றாக இருக்க வேண்டும். சைன், கொசைன் போன்றவற்றைக் கணக்கிடும் பொது நிரல்களை லைப்ரரி என்கிறோம். லைப்ரரியின் பதிப்பு மாறினால் விடையின் கடைசி இலக்கம் சிறிது மாறலாம். கோடிக்கணக்கான கணக்குகளில் அந்தச் சிறு மாற்றம் பெருகினால், தெரிவது இயற்கையின் விளைவா, மென்பொருளின் விளைவா என்ற ஐயம் எழும்.

எனவே செர்னும் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகமும் சேர்ந்து, ரெட் ஹாட் லினக்ஸின் மூல நிரலைக் கொண்டு, சயன்டிஃபிக் லினக்ஸ் என்னும் தொகுப்பை 2004-இல் உருவாக்கின. இயற்பியல் ஆய்வகங்களில் அது பல ஆண்டுகள் உழைத்தது. 2019-இல் ஃபெர்மி ஆய்வகம், "இதன் 8-ஆம் பதிப்பை நாங்கள் வெளியிடப் போவதில்லை, சென்டோஸ் 8-க்கு மாறுவோம்" என்று அறிவித்தது. சென்டோஸும் ரெட் ஹாட்டின் மூல நிரலில் உருவான இலவசத் தொகுப்பே. சென்டோஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று எல்லோரும் நம்பினார்கள்.

2020 டிசம்பர் 8-இல் ஓர் அறிவிப்பு வந்தது. சென்டோஸ் 8-இன் ஆதரவு 2029-இல் அன்று, 2021 டிசம்பர் 31-இலேயே முடிகிறது! அதை நம்பிச் சர்வர்களை மாற்றியவர்கள் திகைத்துப் போனார்கள். 2021-இல் ஆல்மா, ராக்கி என்ற இரண்டு தொகுப்புகளும் பிறந்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான். 2022 டிசம்பரில் செர்னும் ஃபெர்மி ஆய்வகமும் ஆல்மா லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தன.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? ஆதரவுக் காலம் என்பது இயற்பியல் விதியன்று; மனிதர் கொடுத்த வாக்கு. வாக்குக் கொடுப்பவர் யார், அவர் பின்வாங்கினால் அதே இழைக் கணக்கில் வேறு பாவு கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். சென்டோஸ் 8 நின்றபோது ஆய்வகங்கள் தப்பித்ததற்குக் காரணம், அதே கணக்கில் நெய்த வேறு தொகுப்புகளை உருவாக்க முடிந்ததுதான். மூல நிரல் திறந்திருந்ததன் பயன் இது.

கட்டுச்சோற்று மூட்டை

ஒரே சர்வரில் இரண்டு நிரல்கள் இருந்து, ஒன்றுக்குப் பழைய பதிப்பும் மற்றதற்குப் புதிய பதிப்பும் வேண்டுமென்றால் என்ன செய்வது? இதற்குக் கன்டெய்னர் என்ற முறை இருக்கிறது. 2013-இல் டாக்கர் என்னும் மென்பொருள் வந்த பிறகு இது பரவலாயிற்று.

வெளியூர் போகும்போது அங்குள்ள சமையலை நம்பாமல் கட்டுச்சோறு கொண்டு போகிறோம் அல்லவா? அதுபோல ஒரு நிரல் தனக்கு வேண்டிய லைப்ரரிகளையெல்லாம் தானே மூட்டை கட்டிக் கொண்டு வருகிறது. உட்கார இடம் மட்டுமே சர்வர் தருகிறது. அந்த இடம்தான் கெர்னல். முன்பு ஓடிய நிரல் புதிய கெர்னலில் ஓடாமல் போகக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். அதனால்தான் பழைய மூட்டையும் புதிய கெர்னலின் மேல் பிரிபடுகிறது.

ஆனால் கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு? மூட்டைக்குள் இருக்கும் பழைய லைப்ரரியின் ஓட்டைகளைச் சர்வரின் தொகுப்பாளர் அடைக்க மாட்டார். மூட்டையைக் கட்டியவர்தான் அவ்வப்போது புதிதாகக் கட்ட வேண்டும். கன்டெய்னர் காலத்தைச் சற்றுக் கடனாகத் தருகிறது. கடனைத் தள்ளுபடி செய்வதில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

இனி, உங்கள் பள்ளிக்கு ஒரு சிறு சர்வர் அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், இந்த வரிசையில் போகலாம்.

முதலில், ஓட வேண்டிய நிரல்களின் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது கேட்கும் மொழி, தரவுத்தளம், அவற்றின் பதிப்பு எண் ஆகியவற்றைக் குறியுங்கள். தொகுப்பின் பெயர் இந்தத் தாளில் இன்னும் வரக் கூடாது!

இரண்டாவதாக, அந்தப் பதிப்புகளைத் தன்னுள்ளே கொண்டிருக்கும் தொகுப்புகள் எவை என்று பாருங்கள். வெளியிலிருந்து கொண்டு வந்து ஒட்ட வேண்டியவை எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது.

மூன்றாவதாக, ஆதரவு முடியும் நாளைக் கண்டுபிடித்து, நிரல் எத்தனை ஆண்டுகள் ஓட வேண்டும் என்பதோடு ஒப்பிடுங்கள். நாள் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பே மாற்றும் வேலையைத் தொடங்குவதாகக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நான்காவதாக, வேறொரு கணிப்பொறியில் நிறுவி, உண்மைத் தரவின் நகலைக் கொண்டு ஓட்டிப் பாருங்கள். விடை தெரிந்த பழைய கணக்குகளைக் கொடுத்துப் பழைய விடையே வருகிறதா என்று சரி பாருங்கள். இதைத் தேர்வுக்கு முந்தைய நாள் செய்யாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளிக் கணிப்பொறி அறையில் பைத்தான் இருந்தால் அதன் பதிப்பு எண்ணைக் கண்டறியுங்கள். நண்பரின் கணிப்பொறியிலும் கண்டறியுங்கள். இரண்டும் ஒன்றா? நீங்கள் எழுதிய ஒரு நிரலை இரண்டிலும் ஓட்டுங்கள். விடைகளை ஒப்பிடுங்கள். பிறகு, நிரலின் முதல் வரியிலேயே "இது இன்ன பதிப்பில் சோதிக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். எங்கள் துறை நிரலில் அப்படி ஒரே ஒரு வரி இருந்திருந்தால், எனக்கு இரண்டு இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

நெசவாளர் புதுப் பாவுக்குச் சொல்லும் முன் பழைய இழையைத்தான் எண்ணுகிறார். நாமும் புதிய தொகுப்பைத் தேடும் முன் நம்மிடம் உள்ள நிரல்களை எண்ணிப் பார்ப்போம்.